ஆட்டுக்கணக்கு

போரின் மூன்றாம் கோடையில்
எய்லித் மக்கஸ்கில் தட்டச்சு செய்த முதல் ஆணை:
ஆடு, அறுபது. கிடாய் வேண்டாம்.
இறக்குமிடம்: ஸ்கெலவே தீவு,
ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரை.
காரணம் என்ற கட்டத்தில்
யாரோ பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

வாரத்துக்கு ஒரு கைப்பிடி இறைச்சிக்குக்
கூப்பன் வெட்டிக்கொண்டிருந்த காலம்.
அதிகாரிகளுக்கு விருந்து போலும் என்று நினைத்துக்
கொஞ்சம் பொறாமைப்பட்டாள்.

அடுத்த வாரப் பட்டியல்:
மரப்பெட்டி, ஓர் ஆடு நிற்கும் அளவு,
தலை மட்டும் வெளியே நீட்டத் துளையுடன்.
ரப்பர் கையுறை. பெட்ரோல்.
வண்ணப்படம் எடுக்கும் கேமரா ஒன்று.
ஒன்பது பேருக்கு ரயில் சீட்டு:
நேற்றுவரை பாக்டீரியாக்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தவர்கள்
இனிக் கரையில் உட்கார்ந்து
காற்று திரும்பக் காத்திருப்பார்கள்.

அரசாங்கம் விஞ்ஞானத்தின் கையை முறுக்கியது என்று
பிற்பாடு நிறையப் பேர் எழுதினார்கள்.
கோப்பில் அப்படி இல்லை.
கோப்பில் விஞ்ஞானம் கேட்கிறது:
இன்னும் இருபது ஆடு கிடைக்குமா?
அரசாங்கம் ஓரத்தில் எழுதுகிறது:
கிடைக்கும்.

பலியாட்டுக்கு மாலையாவது போடுவார்கள்.
இவற்றுக்குக் காதில் எண்.
மூன்றாம் நாள் முதலில் விழுந்தது பதினேழு.
ஆறாம் நாள் பெட்டிகளில் நிற்பதற்கு ஒன்றுமில்லை.
அறிக்கை அதற்கு வைத்த சொல்
'திருப்தி'.

பாறைக்கு வெடி வைத்துச் சரித்து
உடல்களை மூடினார்கள்.
ஒன்று மட்டும் அகப்படாமல் கடலில் விழுந்து
மிதந்து போயிற்று. எண் நாற்பத்தொன்று.
புயல் அதை
டோர்க்வில் மக்ரேயின் கரையில் கொண்டுவந்து போட்டது.
நாய் தின்றது.
பிறகு நாய்.
பிறகு ஏழு ஆடு, இரண்டு மாடு,
ஏருக்கு இருந்த ஒரே குதிரை.

கேலிக்கில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதிய கடிதம்
அமைச்சகத்துக்கு வந்தது:
ஐயா, என் குதிரை சும்மா சாகிற குதிரை இல்லை.
அதன் பெயர் லியாத்.

பதிலை மேலதிகாரி ஆஷ்வெல்
ஜன்னலைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல அடித்தாள்:
அயல்நாட்டுக் கப்பல் ஒன்றிலிருந்து
எறியப்பட்ட சடலமே காரணம் எனத் தெரியவருகிறது.
எனினும் கருணையின் பேரில்...

விரல் 'நமது கப்பல்' என்று அடித்திருந்தது.

கார்பன் வைத்து அடித்தால்
ஒவ்வொரு படியையும் தனித்தனியாக அழிக்க வேண்டும்.
முதல் தாளைச் சுரண்டித் திருத்தினாள்.
இரண்டாவதையும்.
மூன்றாவதை எடுத்து, பார்த்து,
கோப்பில் சொருகினாள்.
மணி ஐந்தாகியிருந்தது. மழை. பேருந்து.

நாற்பத்தெட்டு வருடம்
அந்தத் தீவில் ஒரு பலகை மட்டும் நின்றது:
இறங்காதே.
பிறகு கடல்நீரில் மருந்து கலந்து
புல்லின் வேர்வரை நனைத்தார்கள்.
மண் சுத்தமா என்று
இந்த முறையும் ஆடுகளிடம்தான் கேட்டார்கள்.
நாற்பது ஆடு, ஆறு மாதம், மேய்ந்து, உயிரோடு.
வாங்கிய அதே விலைக்குத் தீவைத் திருப்பி விற்றார்கள்.
ஒரு பவுன் கூடவில்லை. நியாயமாம்.

பேஸ்லியில் மூன்றாம் மாடியில்
எரிவாயு அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க
எய்லித் ஒரு கடிதத்தைப் பிரித்தாள்.
ஆவணக் காப்பகத்திலிருந்து, மரியாதையாக:
மூன்றாம் படியில் 'நமது' என்று இருக்கிறது.
தட்டச்சுப் பிழை என்று குறித்துக்கொள்ளலாமா?

தண்ணீர் வற்றும்வரை உட்கார்ந்திருந்தாள்.
வேண்டுமென்றே விட்டேன் என்று எழுத ஆசை.
அது உண்மையா என்று
அவளுக்கே தெரியவில்லை.
மழையும் பேருந்தும்கூட உண்மைதானே.

எழுதினாள்:
அங்கே ஆறு வருடம் வேலை பார்த்தேன்.
என் தட்டச்சில் பிழை என்று
யாரும் சொன்னதில்லை.

கையெழுத்துப் போட்டு,
உறையை ஒட்டப் போனவள்
மறுபடி பிரித்து, கீழே சேர்த்தாள்:

அந்தக் குதிரைக்கு
எவ்வளவு கொடுத்தார்கள்?